பெட்டி நிறையட்டும்

மரிலூவின் சம்பளம் மாதம் ஆயிரத்து அறுநூறு திர்ஹாம். அந்தச் சம்பளத்தில் ஷார்ஜாவில் ஒருத்தி சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கலாம், இல்லை ஊருக்குப் பணம் அனுப்பலாம், இரண்டும் நடக்காது என்பார்கள். மரிலூ பதினோரு வருஷமாக இரண்டையும் நடத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். சலவைக்கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றபடியே இஸ்திரி போடும் வேலை. அறுநூறு திர்ஹாமுக்குள் தன்னை மடித்து வைத்துக்கொண்டு, மிச்சம் ஆயிரத்தை பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கும் மகள் க்ளாரிஸுக்கு அனுப்பிவிடுவாள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்காக ஒரு வரி செலவழிப்பதுகூட வீண்.

அறுநூறில் எப்படி? பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பாள். பஸ்ஸுக்குக் கொடுக்காமல் நாற்பது நிமிஷம் நடப்பாள், அதுவும் ஆகஸ்ட் வெயிலில். சூப்பர் மார்க்கெட்டில் தேதி முடியப்போகும் சாமான்களைப் பாதி விலைக்குத் தள்ளும் கூடை எந்தக் கடையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வெளியே வரும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு மத்தி மீன் டப்பா வாங்கினால் அதில் பாதி டெலியாவுக்கு. மறுநாள் டெலியாவின் டப்பாவில் பாதி இவளுக்கு.

டெலியா ஒரு ஆஸ்பத்திரியில் இரவு நேரத் துப்புரவு வேலை பார்ப்பவள். ஃப்ளாட்டில் மரிலூவின் கூட்டாளி என்றால் அவள்தான். மரிலூவுக்கு 'மேனேஜர்' என்று பட்டம் வைத்தவளும் அவள்தான்.

"மேனேஜரம்மா, இந்த மாசம் மூச்சு விடறதுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?" என்பாள்.

"நீ வாயை மூடினா அதுலயே மிச்சம் பிடிச்சிருவேன்டி" என்பாள் மரிலூ.

ஐந்தாவது மாடியில் அந்த ஃப்ளாட். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒன்பது பெண்கள். கூடத்தையும் பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். தன் பெயரில் ஃப்ளாட்டை எடுத்து, கட்டில் கட்டிலாக வாடகைக்கு விட்டவள் நெனிதா. ஐம்பது வயது, கனத்த உடம்பு, அவளும் பிலிப்பைன்ஸ்காரிதான். மற்றக் கட்டிலெல்லாம் அறுநூறு. மரிலூவின் கட்டில் மட்டும் முந்நூறு. அது அறையிலேயே இல்லை. சமையலறையைத் தாண்டி, பின்கதவுக்குப் போகும் குறுகலான நடையில், ஒரு துணித்திரைக்குப் பின்னால் கிடந்தது. கதவுக்கு அப்பால் குப்பை இறக்கும் படிக்கட்டு. கருவாடு வறுத்த வாடை தலையணை வரை வரும். அந்த முந்நூறு திர்ஹாம் மிச்சத்தைத் தன் வாழ்க்கையின் பெரிய வெற்றியாக மரிலூ நினைத்திருந்தாள்.

அந்த நடையில்தான் ஊருக்கு அனுப்பும் கார்கோ பெட்டிகளும் நின்றன. செப்டம்பர் பிறந்தால் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் பிறந்த மாதிரி. ஃபோனில் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள். இடுப்பளவு அட்டைப் பெட்டியை விரித்து நிறுத்தி, சோப்பு, ஷாம்பு, இறைச்சி டப்பா, சாக்லேட், துண்டு, செருப்பு என்று வாராவாரம் போட்டு வருவார்கள். கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும் என்பதால் அக்டோபருக்குள் அனுப்பியாக வேண்டும். கார்கோக்காரன் எடை பார்ப்பதில்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரே கூலி. அதனால் பெட்டியை நிறைக்காமல் அனுப்புவது அவர்களிடையே மகா கேவலம். காற்றை அனுப்பவா காசு கொடுக்கிறது? செருப்புக்குள் சோப்பு, பாத்திரத்துக்குள் மிட்டாய், இடுக்கிலெல்லாம் காலுறை. விரல் நுழையாத அளவுக்குத் திணித்த பிறகுதான் டேப்பு ஒட்டுவார்கள். அந்த வருஷம் மரிலூவின் பெட்டி கதவோடு ஒட்டி அடியில் நின்றது. அதன் மேல் டெலியாவின் பெட்டி. கட்டிலை ஒட்டி இன்னும் இரண்டு.

இதைப் பார்த்ததும் முகம் மாறியவள் ஜோவெலின் ஒருத்திதான். இருபத்து நாலு வயது. ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. ஆகஸ்டில்தான் இந்த ஃப்ளாட்டுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, இந்தக் கதவு திறக்குமா?"

"திறக்கும். எதுக்குத் திறக்கணும்? குப்பை நாத்தம் வரவா?"

"எந்தப் பக்கமா திறக்கும்?"

"உள்பக்கமா. ஏண்டி, தச்சு வேலை பாக்கப் போறியா?"

"தீ கீ பிடிச்சா எப்படிக்கா வெளிய போறது? ஹோட்டல்ல இதைத்தான் முதல்ல சொல்லிக்குடுத்தாங்க."

"வந்ததும் வராததுமா வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று மரிலூ சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஜோவெலின் சிரிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வாசல் கதவருகே ஃப்ரிட்ஜ் பின்னாலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. பிளாஸ்டிக் சூடேறிய வாடை. அங்கே ஒரே ஒரு பிளக். அதிலிருந்து ஒரு நீள வயர்ப்பலகை. ஃப்ரிட்ஜ், சோறு வடிக்கும் குக்கர் மூன்று, ஃபோன் சார்ஜர் ஏழெட்டு எல்லாம் அதில்தான் தொங்கின. பலகையின் ஒரு மூலை கறுத்திருந்தது. ஜோவெலின் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தாள்.

"நெனிதா அக்கா, பில்டிங் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"கூப்பிட்டா அவன் வயரை மட்டுமா பாப்பான்? தலையை எண்ணுவான். சட்டத்துக்கு மீறி ஒம்பது தலை. எண்ணி முடிச்சதும் ஒம்பது பேரும் தெருவுல. எங்க போவீங்க பொண்ணுங்களா?" என்றாள் நெனிதா. கறுத்த மூலையில் டேப்பைச் சுற்றினாள். பெட்டி ஒட்டும் அதே டேப்பு. அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை.

அதிலிருந்து மரிலூவுக்கு நிம்மதி போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. காலையில் கண் விழித்ததும் கால்மாட்டில் பெட்டிகள்தான் தெரியும். போன வாரத்தைவிட ஒரு விரற்கடை கதவு குறைந்திருக்கும். ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து தன் பெட்டியை முழங்காலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கட்டில் கால், ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. சம்பளம் வரட்டும், அனுப்பிவிடலாம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள், காலைப் பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் இருந்தபோது கார்கோ வண்டி வந்தது. வண்டிக்காரன் ரொட்ரிகோ மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினான்.

"நாலு பெட்டியையும் இறக்கிரவா மேனேஜரம்மா?" அவன் வரைக்கும் அந்தப் பட்டம் போயிருந்தது.

மரிலூ மேலிருந்த டெலியாவின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் திறந்து பார்த்தாள். முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. மேலே ஒரு முழங்கை அளவு இடம் காலி. அது க்ளாரிஸின் வெள்ளை ஷூவுக்கு வைத்த இடம். பயிற்சிக்குப் போட்டுப் போக நல்ல ஷூ வேண்டும் என்று மூன்று மாதமாகக் கேட்கிறாள். ஷூ கடையில் பார்த்து வைத்தாயிற்று. சம்பளம் வர இன்னும் எட்டு நாள்.

"அக்கா, அனுப்பிருங்கக்கா. ஷூவைத் தனியா பார்சல்ல அனுப்பலாம். நான் வேணா பாதி காசு தரேன்" என்று ஜோவெலின் அவள் கையைப் பிடித்தாள். "அந்தக் கதவு கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"பாதி காசா? உனக்கே மாசக் கடைசியில சோத்துக்கு உப்பு இல்ல."

"விளையாட்டு இல்லக்கா. எனக்குப் பயமா இருக்கு."

மரிலூவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் திறந்த பெட்டியில் அந்தக் காலி இடம் கண்ணைக் குத்தியது. அங்கே ஊரில் அக்கா தங்கை, மச்சினி, அண்டை வீட்டுக்காரி எல்லாரும் சுற்றி உட்கார்ந்து பெட்டியை அறுப்பார்கள். மேலே வெற்றிடத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? துபாய்க்காரி நொடித்துவிட்டாள் என்பார்கள். அவர்களுக்கு ஷார்ஜாவும் துபாய்தான்.

"நிறையட்டும். அடுத்த தடவை எப்ப வருவே?" என்று ரொட்ரிகோவைக் கேட்டாள்.

"ரெண்டு வாரம் ஆகும்."

"அப்ப வந்து எடுத்துக்க."

மேனேஜர் அனுப்பவில்லை என்றதும் மற்ற மூவரும் அனுப்பவில்லை. அவரவர் பெட்டியிலும் ஏதோ ஒரு இடம் காலியாக இருக்கத்தானே செய்யும். "நானும் நிறைச்சே அனுப்பறேன். என் பசங்க மட்டும் இளிச்சவாயங்களா?" என்றாள் டெலியா. ரொட்ரிகோ வெறுங்கையோடு இறங்கிப் போனான். ஜோவெலின் தன் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. ஒன்பது பேரில் ஏழு பேர் வீட்டில். மதியம் சாப்பிட்டு ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். டெலியா ராத்திரி வேலை முடித்துவந்து முன்னறை மேல்கட்டிலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி இருக்கும். கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். ஏசி நின்றது. ஒரு நிமிஷம் எல்லாரும் கரண்ட் போய்விட்டதென்று நினைத்தார்கள்.

அப்புறம்தான் புகை வந்தது. ஃப்ரிட்ஜ் பின்னாலிருந்து தீ கிளம்பி, பக்கத்துப் பலகைத் தடுப்பில் ஏறி, பஞ்சு மெத்தையைப் பிடித்துக்கொண்டது. வாசல் கதவுக்குப் போக வழி இல்லை. கூடத்தில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு சமையலறைக்கு ஓடிவந்தார்கள். ஜோவெலின் முன்னறைக்குள் புகுந்து டெலியாவை உலுக்கி எழுப்பிவிட்டுத்தான் வந்தாள்.

"கதவு! கதவைத் திற!"

மற்ற மூன்று பெட்டிகளையும் இழுத்து மரிலூவின் கட்டில்மேல் தள்ளினார்கள். வேறு இடமில்லை. கட்டில் நிறைந்ததும் நடை இன்னும் குறுகியது. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, முதுகோடு நெஞ்சு ஒட்டி நின்றார்கள். கடைசியாக வந்த டெலியா வரிசையின் கடைசியில், கூடத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடிப்பெட்டி மட்டும் வரவில்லை. மரிலூவும், எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்திருந்த ஜோவெலினும் சேர்ந்து இழுத்தார்கள். டேப்புப் போடாத விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது. பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

மரிலூ டேப்பு அறுக்கும் கத்தியை எடுத்து அட்டையைக் கிழித்தாள். டப்பாக்கள் உருண்டன. ஷாம்பு பாட்டில்கள் காலடியில் விழுந்து வழுக்கின. வாரி வாரி எடுத்தாள். அந்த அவசரத்திலும் அவள் கை ஒரு காரியம் செய்தது. சாக்லேட் பாக்கெட்டுகளை எறியாமல், நசுங்காதபடி கட்டில் ஓரமாக அடுக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினோரு வருஷப் பழக்கம் அது. அவளுக்கே தெரியாமல் நடந்தது.

"தூக்கி எறிங்கக்கா! எறிங்க!" என்று ஜோவெலின் வீறிட்டாள்.

பின்னால் இருமல் சத்தம். கறுப்புப் புகை உத்தரத்திலிருந்து தலைமட்டத்துக்கு இறங்கிவிட்டது. யாரோ மாதாவைக் கூப்பிட்டார்கள். பெட்டி ஒரு வழியாகச் சரிந்தது. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தபோது ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. ஒவ்வொருத்தியாகப் பிதுங்கி வெளியே விழுந்து, படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார்கள்.

கீழே நடைபாதையில் நெனிதா எண்ணினாள். தலை எண்ணுவதற்கு அத்தனை பயந்தவள், இப்போது வாய்விட்டு, கை நீட்டி, தன்னையும் சேர்த்து எண்ணினாள். ஆறு. திரும்ப எண்ணினாள். ஆறுதான்.

"டெலியா எங்கே? டெலியா என் பின்னாலதானே நின்னா?" என்று ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மரிலூ மறுபடி படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். அதற்குள் வந்துவிட்ட தீயணைப்பு ஆட்கள் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

கால் மணி நேரம் கழித்து டெலியாவைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. சமையலறை வாசலில், பின்கதவுக்கு எட்டடி தூரத்தில் கிடந்தாளாம். தூக்கி வந்தவர்கள் அவசரப்படவில்லை. அதைப் பார்த்ததுமே மரிலூவுக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. தான் அடுக்கிய மூன்று பாக்கெட்டுகள் மட்டும் கண்முன் நின்றன. எத்தனை நொடி ஆகியிருக்கும்? அத்தனை நொடி டெலியா அங்கே நின்று புகையைக் குடித்திருக்கிறாள்.

சாயங்காலம் சீருடை போட்ட ஓர் அதிகாரி காகிதமும் பேனாவுமாக அவர்களிடம் வந்தார். கையில் கிழிந்த அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. தண்ணீரில் ஊறியிருந்தாலும் அதில் மார்க்கர் பேனாவால் எழுதிய எழுத்து அழியவில்லை.

"பின்கதவை அடைச்சு வெச்சிருந்த பெட்டி. மரிலூ புஸ்தமாந்தே. யார் இது?"

நெனிதா முந்திக்கொண்டாள். "அவ பழைய ஆள் சார். ஊருக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சு. பெட்டியை இங்கேயே போட்டுட்டுப் போயிட்டா." அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்ததும் மரிலூவின் காதருகே வந்து, "வாயைத் திறந்தே, உன் வேலையும் போச்சு, விசாவும் போச்சு. உன் மகளுக்கு இன்னும் ஆறு மாசப் படிப்புதான்டி பாக்கி" என்றாள்.

ஆறு மாதம். நெனிதா சொன்ன கணக்கு சரி. சுற்றி நின்ற யாரும் மறுத்துப் பேசவில்லை. ஜோவெலின்கூட மரிலூவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டெலியாவின் பிள்ளைகளுக்கு நாளைக்கு இதைத்தான் சொல்வார்கள். யாரோ ஒருத்தி விட்டுப் போன பெட்டி, யார்மேலும் தப்பில்லை.

"சார், எழுதாதீங்க" என்றாள் மரிலூ. குரல் புகையில் கம்மிப்போயிருந்தது. "அது என் பெட்டி. இந்தப் பொண்ணு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினா. போன வெள்ளிக்கிழமை வண்டி வாசலுக்கே வந்துச்சு. நான்தான் திருப்பி அனுப்பினேன்."

நெனிதா தலையில் அடித்துக்கொண்டாள். அதிகாரி எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மரிலூவிடம் அடையாள அட்டையைக் கேட்டார்.