வீரபத்திரன், பி.காம்., விமானி

2024 ஜூன் 14: மருத்துவச் சோதனை, ரூ. 6,500
2024 ஜூலை 8: சேர்க்கைக் கட்டணம், ரூ. 25,000
2024 ஜூலை 22 முதல் 2025 ஜனவரி 24 வரை: பறப்புக் கட்டணம், ரூ. 2,94,000
2024 டிசம்பர் 9: கல்யாண அழைப்பிதழ், ரூ. 18,000
2025 ஜனவரி 30: தீயணைப்பு ஜீப்பின் நுரை, ரூ. 3,200

கடைசிச் செலவைத் தவிர மற்றவையெல்லாம் வீரபத்திரன் தெரிந்தே செய்தவை.

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருப்புக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். ஒரு ஜரிகைக் கட்டு கணக்கில் இடித்தால் சோறு இறங்காது. ஓய்வுக்குப் பிறகு கணக்கு கிடைக்காததால் ஊரில் உள்ள எழுத்துப் பிழைகளைப் பிடித்துக்கொண்டார். ஓட்டல் பலகை, கோயில் அறிவிப்பு, இரங்கல் சுவரொட்டி எதையும் விடுவதில்லை. விமானம் ஓட்டும் ஆசைகூட வானத்தைப் பார்த்து வந்ததல்ல. செய்தித்தாள் விளம்பரம் ஒன்றில் ‘விமானப் பயிர்ச்சி’ என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து வந்தது. உடனே அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

“பயிற்சிக்கு வல்லின ற போடணும்மா. நீங்க போட்டிருக்கறது பயிர். ஏரோப்பிளேனை நாத்து விட்டு நடறீங்களா?”

எதிர்முனையில் ஒரு பெண் சிரித்தாள். “நேர்ல வந்து திருத்திக் குடுங்க சார். வந்தீங்கன்னா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறேன்.”

அவள் பெயர் திரிஷா. வேலூருக்கு அப்பால் இருந்த அந்தச் சின்னப் பறப்புப் பள்ளியில் பயிற்சியாளர். பிழை திருத்தப் போன வீரபத்திரன் சேர்ந்துவிட்டுத் திரும்பினார்.

“அறுபத்துநாலு வயசுல மத்தவங்கல்லாம் முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கினு இருக்காங்க. உங்களுக்கு ரெக்கை கேக்குதா?” என்றாள் மனைவி காந்தா.

“ரெக்கை இல்லம்மா. இறக்கை.”

காந்தா அடுப்படிக்குப் போய்விட்டாள். பேசினால் அதிலும் பிழை இருக்கும்.

பாடப் பரீட்சையில் அவர்தான் முதல். காற்றழுத்தம், மேக வகை, எரிபொருள் கணக்கு எல்லாம் தலைகீழாகச் சொன்னார். கூடப் படித்த பிள்ளைகள் அவரிடம் குறிப்பு வாங்கி நகல் எடுத்தார்கள். மேலே போனால்தான் தொல்லை. அந்த இரண்டு இருக்கை விமானத்தில் காலுக்கு இரண்டு மிதிகள் உண்டு. இடதை அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலதை அழுத்தினால் வலப்பக்கம். இறங்கும்போது வலது கையால் வேகப்பிடியை இழுக்க வேண்டும், கால்களை அடக்கி வைத்திருக்க வேண்டும். அவர் கை பிடியை இழுத்ததும் இடது கால் இறங்கும், பிறகு வலது, மறுபடி இடது. ஓடுதளத்துக்கு நேராக வந்துகொண்டிருக்கும் விமானம் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டும்.

“சார், வாலை ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டல மேடம். அதுவா ஆடுது.”

“அது ஏரோப்பிளேன் சார், நாய்க்குட்டி இல்ல.”

அவரிடம் குறிப்பு வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தனியே பறந்துவிட்டார்கள். அவர் மட்டும் திரிஷாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பறந்தார். ஒருநாள் அவள் தன்மையாகச் சொன்னாள்: “தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாத்தான் சார் பைலட். அதுவரைக்கும் பாசஞ்சர்.” வீட்டில் கேட்டால் “அடுத்த வாரம்” என்பார். பல அடுத்த வாரங்கள் போயின.

அந்தச் சமயத்தில் மகள் ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிப்ரவரி பத்து முகூர்த்தம். அழைப்பிதழ் அடிக்கப் போன மகன் அருளிடம் அச்சகத்தில், அப்பா பெயருக்குப் பின்னால் என்ன போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். அவன் விளையாட்டாக ஒன்றைச் சொல்லியிருக்கிறான். மெய்ப்புப் படி வீட்டுக்கு வந்தது. ‘சே. வீரபத்திரன், பி.காம்., விமனி’ என்றிருந்தது. வீரபத்திரன் சிவப்புப் பேனாவை எடுத்தார். மகரத்துக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் போட்டு ‘விமானி’ ஆக்கினார். கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார்.

எழுத்துப் பிழை போயிற்று. பொய் அப்படியே இருந்தது. எழுத்துக்குக் கால் போடத் தெரிந்தவருக்குத் தன் காலை அடக்கத் தெரியவில்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. அழகாக இருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறைக்கவைத்தவர் ஏனாத்தூர்ச் சம்பந்தி மாணிக்கவேல். பொங்கல் முடிந்த கையோடு போன் செய்தார்.

“டாக்டர் சம்பந்தி பார்த்துருக்குது எங்க ஊரு, வக்கீல் சம்பந்தி பார்த்துருக்குது. பிளேன் ஓட்டுற சம்பந்தி எனக்கு மட்டும்தான்பா. மேடையில மைக் புடிச்சு ரெண்டு வார்த்தை பேசப்போறேன் பாருங்க.”

“அதெல்லாம் எதுக்கு சம்பந்தி...”

“அடக்கத்தைப் பாருடா,” என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லிவிட்டு வைத்தார்.

அடக்கமில்லை, பயம். ஒரு கட்டு ஜரிகைக்காகச் சங்கத்தையே கலக்கியவர், அறுநூறு வீட்டுக்கு அச்சடித்த பொய்யை அனுப்பியிருக்கிறார். பத்தாம் தேதிக்குள் தனியே பறந்தாக வேண்டும். இல்லையென்றால் மகளின் மேடையில் பாசஞ்சராக நிற்க வேண்டும்.

அந்த வாரப் பயிற்சிக்குக் காந்தாவும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தாள். வேலியோரம் நின்று அவர் இறங்குவதைப் பார்த்தாள். முகம் வெளிறி வந்தவரிடம் கேட்டாள்: “மேல உக்காந்து யாரு சேலை நெய்றது?”

“என்ன சொல்ற?”

“கையை எப்படி இழுத்தீங்க, காட்டுங்க.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை இழுத்துக் காட்டினார். கால்கள் தாமாக இடது வலது என்று இறங்கி ஏறின. காந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்க வேலைக்குப் போகும்வரை அவர் அப்பாவின் தறியில் நெய்தவர். வலது கையால் கயிற்றை இழுத்தால் குறுக்கிழையைச் சுமக்கும் நாடா ஓடும், அதற்கேற்ப கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும். அவர் தறியை விட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் செய்தியைக் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாதத்தைப் பிசைந்தபடி யோசித்தார். தறியில் கால் எப்போது நிற்கும்? இழை அறுந்தால் நிற்கும். அதற்கு யோசனைகூட வேண்டாம், கண் கண்டதும் கால் உறைந்துவிடும். மறுநாள் இறங்கும்போது பிடியை இழுக்குமுன் வாய்க்குள் “இழை அறுந்துபோச்சு” என்று சொல்லிக்கொண்டார். கால்கள் கல்லாய் நின்றன. விமானம் கோடு போட்டதுபோல் இறங்கியது. திரிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஜனவரி முப்பது காலையில் அவள் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டாள். “போயிட்டு வாங்க சார்.”

பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் விமானம் அவசரமாக எழும்பியது. கீழே பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. பயத்தில் எதையும் ரசிக்கவில்லை. சுற்றி வந்து ஓடுதளத்துக்கு நேரானார். வலது கை பிடிக்குப் போனது. இடது கை திசைப்பிடியை இறுக்கியது. அதன் கட்டைவிரல் அடியில்தான் ரேடியோவில் பேசும் பொத்தான் இருந்தது.

“இழை அறுந்துபோச்சு,” என்றார். பாதுகாப்புக்காக மறுபடியும், “இழை அறுந்துபோச்சு.”

ரேடியோ அறையில் இருந்த ஜோசுவா தறியைக் கண்ணால் கண்டதில்லை. விமானத்தில் ஏதோ கம்பி அறுந்துவிட்டது என்று முடிவுகட்டிச் சைரனை அழுத்தினான்.

வீரபத்திரன் அருமையாக இறங்கினார். சிவப்பு ஜீப் ஒன்று கூடவே ஓடி வந்தது. முதல்முறை தனியே பறந்தவர்மேல் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம். பெரியவர் என்பதால் ஜீப்பே வருகிறது என்று நினைத்துக் கையசைத்தார். நுரை கண்ணாடியை மூடும்வரை அசைத்துக்கொண்டிருந்தார்.

திரிஷா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “சார், எது அறுந்துச்சு?”

“ஒண்ணும் அறுந்துடல மேடம். சும்மா சொன்னேன்.”

“சும்மா சொன்னீங்க.” அவள் ஜீப்பைப் பார்த்தாள், நுரையைப் பார்த்தாள். சிரிக்கவும் முடியவில்லை.

தலைமைப் பயிற்சியாளர் சிரிக்கவில்லை. ரேடியோவில் பொய் அபாயம் சொன்னது விசாரணைக்கு உரியது, இந்தப் பறப்பு செல்லுமா செல்லாதா என்பதைக் கடிதத்தில் தெரிவிப்போம் என்றார். பத்தாம் தேதிவரை கடிதம் வரவில்லை.

தாலி கட்டியானதும் மாணிக்கவேல் மைக்கைப் பிடித்தார். “எங்க சம்பந்தி, விமானி வீரபத்திரன்...”

வீரபத்திரனுக்குக் கை பரபரத்தது. பிழையைப் பார்த்துச் சும்மா இருந்து பழக்கமில்லை. மைக்கை வாங்கினார்.

“அழைப்பிதழ்ல ஒரு பிழை இருக்குது. விமானின்னு போட்டது இன்னும் உறுதியாகல,” என்று தொடங்கி, கால் ஆடியதையும், ஜீப்புக்குக் கையசைத்ததையும் சொன்னார். “இழை அறுந்துபோச்சு” என்ற இடத்தில் மண்டபத்தில் பாதிப்பேர், எல்லாரும் தறிக்காரர்கள், நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ரேவதி மாலையோடு குனிந்து சிரித்தாள். மாணிக்கவேலுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

“அப்ப பிளேன்ல தனியா போனது நிஜந்தானே?”

“போனது நிஜம் சம்பந்தி. செல்லுமாங்கறதுதான் தெரியல.”

“போனா போதும்பா. நுரைக்குள்ள கையாட்டுன சம்பந்தியும் ஏனாத்தூர்ல எனக்கு மட்டும்தான்,” என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

பள்ளியின் கடிதம் பிப்ரவரி எட்டு தேதியிட்டிருந்தது. பறப்பு செல்லும். நுரைக்குப் பணம் கட்ட வேண்டும். இனி ரேடியோவில் தறியைப் பற்றிப் பேசக்கூடாது. ஆக, பத்தாம் தேதி அவர் அவ்வளவு பேர் முன்னால் திருத்தியது பிழையே இல்லை. வாழ்நாளில் அவர் தவறாகச் செய்த ஒரே திருத்தம் அது. கடிதத்தின் தலைப்பில் ‘பயிர்ச்சி’ என்று இருந்ததை மட்டும் சிவப்பில் சுழித்து, ஓரத்தில் வழக்கம்போல் கடிதம் வந்து சேர்ந்த தேதியைக் குறித்தார்: 2025 பிப்ரவரி 12, புதன்கிழமை.