நான்காவது கல்

மார்ச்சில் எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் சிவப்புத் துலிப் பூவைக் கண்டதும் முதலில் மண்டியிடுவார்கள். பிறகு கேமராவோடு குப்புறப் படுத்துவிடுவார்கள். அவர்களை நடத்திக் கூட்டிப்போகிற என் அக்கா நுவைரா, பின்னால் நின்று ஆடுகளை எண்ணுவதுபோல் அவர்களை எண்ணிக்கொண்டிருப்பாள்.

"ஒரு பூவுக்கு ஒரு மணி நேரம். இதையே எங்க ஆடு ரெண்டு கடியில முடிச்சுரும்" என்பாள். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்கமாட்டாள். அவள் கண், கழுகு இடுக்கு என்று நாங்கள் சொல்லும் மலைப்பிளவின் வாயிலேயே இருக்கும்.

ஜோர்டானின் தெற்கே, மலை இறங்கி மணலைத் தொடுகிற இடத்தில் எங்கள் கூடாரங்கள். நுவைரா பள்ளிக்கூடம் போனதில்லை. ஏழு வயதில் ஆடு மேய்க்கத் தொடங்கி, முப்பதில் பெண் நடைப்பயணிகளுக்கு வழிகாட்டி ஆனாள். நான் மஆன் நகரத்துக்குப் போய்ப் படித்தது அவள் நடந்து சம்பாதித்ததில்தான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்களை இப்போது எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன் பெண் இடுக்கின் வாயில் துலிப்பைப் படம் எடுத்தாள். பூ எவ்வளவு சிறியது என்று தெரிய, பக்கத்தில் ஏதாவது வேண்டும் என்றாள். அக்கா மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். படம் அழகாக வந்தது.

எங்களிடம் மூன்று கல் என்றால், 'இந்த வழியாக மேலே ஏறி வெளியேறலாம்' என்று பொருள். அடுக்கியவர்தான் அதைக் கலைக்கவேண்டும். மற்றவர் தொடமாட்டோம், யாரோ ஒருவரின் உயிர் அதை நம்பியிருக்கலாம். கழுகு இடுக்கிலோ வெளியேற வழியே கிடையாது. உள்ளே இரண்டு மணி நேரம் நடந்தால் கடைசியில் வழுவழுப்பான பாறைச்சுவர்தான்.

அந்தப் படம் எடுத்த ஆறாவது நாள் மேட்டுநிலத்தில் எங்கோ மழை. எங்களுக்கு மேலே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் வெள்ளம் இறங்கியது. ஹம்தா என்ற பெண்ணையும் பதினொரு ஆடுகளையும் மறுநாள் இடுக்குக்குள் அந்தச் சுவரடியில் கண்டெடுத்தார்கள். கீழ்ச்சமவெளியிலிருந்து எங்கள் பக்கம் மருமகளாக வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"புத்தி கெட்ட புள்ள. முட்டுச்சந்துக்குள்ள ஆட்ட ஓட்டிட்டுப் போயிருக்கா" என்றார்கள். கிணற்றடியில் இப்போதும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நுவைரா பாதி நிரம்பிய குடத்தோடு திரும்பி வந்துவிடுவாள்.

என்னிடம் மட்டும் ஒருநாள் கேட்டாள். "படம் எடுத்து முடிச்சதும் அந்தக் கல்ல நான் தட்டிவிட்டேனா இல்லையாடா?"

"நீ பண்ணினது உனக்கே தெரியாதா?"

"கால் பட்டு உருண்ட சத்தம் காதுல இருக்கு. ஆனா அது அந்தக் கல்லா, வேற கல்லான்னு தெரியல."

பார்க்கவும் முடியாது. வெள்ளம் எல்லாவற்றையும் துடைத்திருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் பூக்கள் வந்தன, பயணிகள் வந்தார்கள், அவள் இடுக்கின் வாயில் நின்று காலால் எதையோ தட்டுவதுபோல் வெறுந்தரையைத் தட்டிப் பார்ப்பாள். "யாராச்சும் படம் எடுத்திருப்பாங்க. படிச்சவன்தானே, தேடு" என்பாள். நான்கு வருடம் தேடினேன். கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்தப் பிப்ரவரியில் அதே ஜெர்மன் பெண் மறுபடி வர விரும்புவதாக எழுதினாள். பழைய படங்களையும் அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று, அவள் ஊர் திரும்பும் வழியில் எதிர்மலையிலிருந்து எடுத்தது. வெள்ளம் வந்த அதே நாள், காலை பத்து நாற்பது. பெரிதாக்கிப் பார்த்தேன். இடுக்கின் வாயில் அக்காவின் மூன்று கல் அடுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் நான்காவதாக ஒரு வெள்ளைக் கல்.

எங்கள் பக்கம் அப்படி வைக்கிற வழக்கம் இல்லை. கீழ்ச்சமவெளிக்காரர்கள்தான் அடையாளத்தை நம்பிக் கடந்து போகும்போது மேலே ஒரு வெள்ளைக் கல் வைப்பார்கள்.

இரண்டு நாள் போனை மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ரொட்டி சுட்டுக்கொண்டே, முகம் திருப்பாமல் கேட்டாள்: "கிடைச்சிருச்சுல்ல?"

"யார் சொன்னா?"

"ரெண்டு நாளா வார்த்தைக்கு வார்த்தை அக்காங்குற. நீ என்னைக்குடா எனக்கு மரியாதை குடுத்திருக்க?"

காட்டினேன். அவள் அழவில்லை. வெள்ளைக் கல்லின்மேல் விரலை வைத்தாள், படம் நகர்ந்துவிட்டது, மறுபடி வைத்தாள். ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

"அவ புத்தி கெட்டவ இல்ல" என்றாள். "சரியா வாசிச்சிருக்கா. நான்தான் பொய் எழுதி வச்சிருந்தேன்."

"இதை யாருக்கும் சொல்லவேண்டாம்கா. போனது போயிருச்சு."

"எங்கடா போயிருச்சு? கிணத்தடியில தினமும் அவளத்தானே கொல்றாங்க."

வியாழக்கிழமை கீழ்ச்சமவெளிக்கு, ஹம்தாவின் தாய் உம்மு ஸைதின் கூடாரத்துக்குப் போனோம். காபி ஊற்றித் தந்தாள். நுவைரா குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தாள். எங்கள் வழக்கப்படி மன்னிப்பு கேட்க வந்தவர்கள், 'குடி' என்ற வார்த்தை கிடைக்கும்வரை குடிப்பதில்லை.

"என்ன வேணும், சொல்லு மகளே."

நுவைரா சொன்னாள். பூ, கேமரா, மூன்று கல். எதையும் குறைக்கவில்லை. நான் போனை நீட்டினேன். உம்மு ஸைத் அதைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுபோனாள்.

"வெள்ளைக் கல்லு வச்சாளா" என்று மட்டும் கேட்டாள்.

"வச்சா."

"சின்னதுலயே வைப்பா. எட்டாது. தூக்கிவிடச் சொல்லி என் அங்கிய இழுப்பா."

ஆறிப்போன காபியை எடுத்து மணலில் கொட்டினாள். புதிதாக ஊற்றி நுவைராவின் முன்னால் வைத்தாள். குடி என்று சொல்லவில்லை. "கிணத்தடியில போய்ச் சொல்லு. உன் வாயால. சொல்லிட்டு அடுத்த வியாழன் வா" என்றாள்.

நுவைரா சொன்னாள். நானும் கூட நின்றேன். சில பெண்கள் வாளியை அப்படியே விட்டு நகர்ந்து போனார்கள். இப்போது கிணற்றடியில் ஹம்தாவின் பெயரை யாரும் எடுப்பதில்லை. அக்காவின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். இந்த வசந்தத்தில் உள்ளூர்க்காரர்கள் யாரும் அவளிடம் பயணிகளை அனுப்பவில்லை. நான் காட்டாமல் இருந்திருந்தால் என்று யோசிக்கிறேன்.

ஆறு வியாழன் ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் உம்மு ஸைத் காபி ஊற்றுகிறாள். நுவைரா கீழே வைக்கிறாள். இருவரும் ஹம்தாவின் ஆடுகளைப் பற்றி, பாட்டே வராத அவள் குரலைப் பற்றிப் பேசுகிறார்கள். காபி ஆறுகிறது. உம்மு ஸைத் அதை மணலில் கொட்டிவிட்டு, திரும்ப ஊற்றுகிறாள்.