சக்கரத்தில் ஒரு பொட்டு

முப்பத்தெட்டு வயதில் வில் பிடிக்கப் போனவள் நான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூலின் வலுவைச் சோதிக்கும் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் விடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்குப் போய் அம்பு விட்டுவிட்டு வேலைக்கு ஓடி வருவேன். சாமி படத்தில் இருக்கிற வில் இல்லை இது. காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம், அவற்றைச் சுற்றி நாணும் கேபிளும், குறி பார்க்க லென்ஸ். என் மாமியார் முதன்முதலாகப் பார்த்தபோது, "இது என்னட்டி, சைக்கிளப் பாதியா அறுத்த மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அதன் பிறகு நான்கு வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

வில் எனக்குச் சொந்தமில்லை, பயிற்சிக் குழுவுடையது. மாவட்டத் தேர்வில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் இன்னும் ஒரு வருடம் என்னிடம் இருக்கும். வராவிட்டால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் தடவை தேர்வு ஆயுத பூசை முடிந்து பத்து நாளில் வந்தது.

பூசைக்கு முந்தின வாரம்வரை ஐம்பது மீட்டரில் என் அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடும். விடுமுறை முடிந்து போய் நின்றால், ஒன்று மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். "அக்கா, கைப்பிடிய ரொம்ப இறுக்குறீங்க" என்றார். தளர்த்திப் பிடித்தேன், அப்படியேதான் போனது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஒரே காலையில் குறிபார்க்கும் சைட்டைத் திருகினேன், அம்பு உட்காரும் தாங்கியை நகர்த்தினேன், நாணை இழுப்பதற்காக அதில் கட்டியிருந்த கண்ணியை மாற்றிக் கட்டினேன். கடைசியில் குறி அட்டையையே தொடாமல் இரண்டு அம்புகள் புல்லுக்குள் போயின. அன்றைக்குப் பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் வில்லைக் கையில் வாங்கினார். அவர் எங்கள் மில்லிலேயே மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர். "மூணையும் ஒரே நாள்ல மாத்துனா எது கெடுத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பழைய அளவு எழுதி வச்சிருக்கியா?" என்றார். நல்லவேளையாக நோட்டில் இருந்தது. எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து பேனாவால் கோடு போட்டார்.

"மில்லுல பிரேம் ஓடலைன்னா முதல்ல ஓட்டுறவளத்தான் வைவாங்க. பொறவுதான் மெஷினப் பாப்பாங்க. நீ உன்னையே வஞ்சது போதும்" என்றார். அந்த ஒரு பேச்சுக்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

கொல்லையில் கழிவுப் பஞ்சு அடைத்த மூட்டையை நிறுத்தினோம். அதற்கு முன்னால் ஒரு சட்டத்தில் பழைய செய்தித்தாளை ஒட்டி, நாலு எட்டு தள்ளி நின்று அம்பு விட்டேன். அம்பு நேராகப் போனால் தாளில் ஓர் ஓட்டையும், அதைச் சுற்றி இறகுகள் போட்ட மூன்று கீறலும் மட்டும் இருக்கும். எனக்கு விழுந்தது நீளக் கிழிசல். முதல் அம்பில் மேல்நோக்கி, இரண்டாவதில் கீழ்நோக்கி.

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரே மாதிரி தப்பாப் போனா செட்டிங். தடவைக்கு ஒரு மாதிரி போனா எங்கயோ ஆடுது, இல்லைன்னா அழுக்கு. மெதுவா இழு, பாப்போம்."

இழுத்தேன். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் முட்டி நிற்க வேண்டும். கீழ்ச்சக்கரம் மயிரிழை பிந்தியது. வில்லை வாங்கிக் கவிழ்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அந்தச் சக்கரத்தில், இழுக்கும்போது கேபிள் வந்து படியும் பள்ளமான காடிக்குள் ஏதோ இறுகிக் கிடந்தது. ஊக்கால் சுரண்ட, மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சந்தனம்.

குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்த மாமியார் கையை நிறுத்திவிட்டார்.

"நான்தான் வச்சேன்" என்றார். "நீ அன்னைக்கு மில்லு பூசைக்குப் போயிட்ட. அருவாமனையில இருந்து அவன் ஸ்பானர் வரைக்கும் எல்லாத்துக்கும் வச்சேன். உஞ் சாமானுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? எங்க வைக்கன்னு தெரியல. வண்டிக்குச் சக்கரத்துலதான வைப்போம், அதுமாதிரி வச்சேன். நீ வைவியோன்னு பயந்து, வாரதுக்கு முன்னாடி ஈரத்துணியால தொடச்சுப் பெட்டிக்குள்ள வச்சுட்டேன்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் கத்துவதற்கு வாயெடுத்தேன். ஒரு வாரம் வீணாய்ப் போயிருக்கிறதே. அப்போதுதான் மில் பூசை ஞாபகம் வந்தது. அதே நாளில் மில்லில் என் சோதனை மெஷின்களுக்கெல்லாம் என் கையால் பொட்டு வைத்திருந்தேன். என் வில்லுக்கு ஒரு பொட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை. மாமியாருக்குத் தோன்றியிருக்கிறது. அம்புகள் ஒழுங்காகப் போயிருந்தால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அந்தக் கோளாறுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

காய்ந்த பல்துலக்கியாலும் ஊக்காலும் காடியைச் சுத்தம் செய்தோம். பழக்கதோஷத்தில் எண்ணெய் டப்பாவைத் தூக்கிய வீட்டுக்காரரைத் தடுத்தேன். எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும், நாணும் கெடும். திரும்ப அம்பு விட்டபோது தாளில் ஓர் ஓட்டை, மூன்று கீறல். பத்து அம்புக்கும் அதேதான். மாமியார் எட்டிப் பார்க்கவில்லை. ராத்திரி சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது. எல்லோருக்கும்தான் அடித்தது. ஐந்தாவதாக வந்தேன். வில்லைப் பெட்டியில் வைப்பதற்குள் மாமியாரிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அம்பு நேரா போச்சாட்டி?"

"போச்சு அத்தை. அஞ்சாவதா வந்துட்டேன். வில்லு நம்மகிட்டதான் இருக்கும்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்னால போயிருமோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல தாயி."

சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்று அழுதுவிட்டேன். "நீங்க வச்சதே எனக்குப் பெரிசு அத்தை" என்றேன். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் அப்படி அவரிடம் நான் பேசியதே இல்லை.

"அது இருக்கட்டும். வார வருசம் எந்த எடத்துல வைக்கலாம்னு நீயே தொட்டுக் காட்டிரு. வைக்காம என்னால இருக்க முடியாது."