என் வக்கடையை வெட்டியவர்

நற்பிட்டிமுனை வட்டை வயல்வெளியில் என் வயல் மேலே, அவருடைய வயல் கீழே. இடையில் ஒரு வரம்புதான். தண்ணீர் இறங்க அந்த வரம்பில் ஒரு வெட்டு இருக்கும். வக்கடை என்போம். அதைத் திறப்பதும் அடைப்பதும் மேல்வயல்காரனுடைய உரிமை. கீழ்வயல்காரன் கை வைத்தால் அது களவு.

தண்ணீர் குறைந்த ஒரு சிறுபோகம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வயலுக்குப் போனேன். வக்கடை வெட்டப்பட்டு என் வயல் வற்றிக் கிடந்தது. அவருடைய வயலில் தண்ணீர் நின்றது. அவர் வரம்பிலேயே இருந்தார். மண்வெட்டியை மறைக்கக்கூட இல்லை.

"ஒண்ட பயிருல அறக்கொட்டி விழுந்திரிக்கி மச்சான். தண்ணி நிண்டா எல்லாம் எரிஞ்சி போயிரும். அதான் வெட்டினன்."

குனிந்து பார்த்தேன். தூரில் மண்ணிறப் பூச்சிகள் மொய்த்திருந்தன. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் தன் வயல் வெடித்துப் போனதென்று அதற்கு முந்திய கிழமைதான் தேநீர்க் கடையில் எல்லோரிடமும் புலம்பியிருந்தார். எனக்கு வாய்த்தர்க்கம் வராது. வக்கடையை அடைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் போகத்தில் சுற்றிவரப் பல வயல்கள் அறக்கொட்டி விழுந்து வட்டம் வட்டமாக எரிந்தன. என் வெள்ளாமை வீடு வந்தது. அவருக்கு துஆச் செய்யச் சொன்னாள் மனைவி. கையை ஏந்தினால் ஒரே கேள்விதான் வந்தது. தன் வயல் நிறைந்திருந்தால் இந்த மனிதர் என் பயிரின் தூரைக் குனிந்து பார்த்திருப்பாரா?

பிறகு வட்டவிதானை தெரிவு வந்தது. வட்டை முழுவதற்கும் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு அது. அவரும் அந்தப் பதவியைக் கேட்டார். என் வெள்ளாமையைக் காப்பாற்றியது தான்தான் என்றும், வேண்டுமானால் என்னிடமே விசாரிக்கலாம் என்றும் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது. இவர் கையில் எல்லோருடைய தண்ணீரையும் கொடுக்கலாமா என்பது இப்போது என் வாயில் இருந்தது.

"எண்ட வெள்ளாம தப்பினது உண்மை. அவர்ர வயல் நிறைஞ்சதும் உண்மை. என்னட்டக் கேக்கல்ல," என்றேன்.

"கேட்டிருந்தா உட்டிருப்பியா?" என்றார் அவர்.

யோசித்தேன். "உட்டிருக்க மாட்டன்."

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து வயதான காக்கா ஒருவர், "மனசில இரிக்கிற நிய்யத்த அல்லாஹ் பாத்துக்குவான், நமக்குத் தண்ணி வந்தாச் சரி," என்றார். அத்தோடு முடிந்தது. அவர்தான் விதானை.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. முறைப்படி தண்ணீர் வருகிறது. கடைசி வயலுக்கும் போய்ச் சேர்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பள்ளியில் முதல் வரிசையில் இருப்பார். நான் வாசலோரம் இருப்பேன். தொழுகை முடிந்ததும், சோற்றுக்கும் போகாமல் நேரே வயலுக்குப் போகிறேன். இதுவரை வக்கடையில் நான் வைத்த மண் வைத்தபடியே இருக்கிறது. இருந்தாலும் கீழ்வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.