எண்ணெய் பூசிய கணினி

எஞ்சின் ஆயிலின் வாடை விரலில் ஏறிவிட்டால் சோப்புக்கும் போகாது. சாப்பிடும் சோற்றில் இருக்கும், படுக்கும் தலையணையில் இருக்கும். புன்னைக்காயலில் வள்ளம் வைத்திருக்கும் எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் அந்த வாடை உண்டு. கடலிலிருந்து வந்ததும் அப்பா எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவி, பழைய துணியில் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு ஆணியாகத் துடைப்பார். "எண்ணெ போடாம விட்டியன்னா உப்பு தின்னுட்டுப் போயிரும்லே" என்பார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவர் எனக்குக் கற்றுத்தந்த ஒரே பாடம் அது.

நான் பத்தாம் வகுப்பு படித்த பள்ளியில் "கம்ப்யூட்டர் ரூம்" என்று ஒன்று இருந்தது. கடலைப் பார்த்த சன்னல், பிளாஸ்டிக் உறை போர்த்திய எட்டுக் கணினிகள்; அவற்றில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. அதில்தான் என்னோடு படித்த பிரின்சி ஒரு நிரல் எழுதியிருந்தாள். துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டின் எண், அடிப்பது வாடைக் காற்றா கச்சான் காற்றா, வள்ளத்தில் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் "போகலாம்" அல்லது "வேண்டாம்" என்று திரையில் காட்டும் நிரல். பெரிய ஆட்கள் மணலில் நின்று சண்டை பிடித்து முடிவெடுக்கும் விஷயத்தை அவள் பதினான்கு வரிகளாக வெட்டி அடுக்கியிருந்தாள்.

நகரத்தில் விடுதியோடு உள்ள பெரிய பள்ளி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்து, நிரல்களை ஓட்டிப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வானவர் செலவில்லாமல் அங்கேயே தங்கிப் பன்னிரண்டு வரை படிக்கலாம். பிரின்சியின் அம்மா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: "கெடச்சா படி ஏளா. கெடைக்கலன்னா எறால் கம்பெனி வேன்ல வேலைக்கு ஏறு."

அறையின் சாவியை ஆசிரியர் என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை, நாளைக்கு அந்தப் பெட்டி கைவிட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில் மூடியைக் கழற்றினேன். உள்ளே பற்பல இடங்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வீட்டுக்கு ஓடி அப்பாவின் துணியை எடுத்துவந்து, சொருகியிருந்த தகடுகளை உருவி, அவற்றின் பற்களில் எண்ணெய் பூசித் திரும்பச் சொருகினேன். அவ்வளவு அக்கறையாய் அதற்கு முன் எதையும் நான் செய்ததில்லை.

மறுநாள் பெட்டி மூன்று முறை கூவியது. திரை கறுப்பாகவே நின்றது. உப்புக் காற்றின்மேல் பழியைப் போட்டு ஆசிரியர் கைகளைப் பிசைந்தார். பிரின்சி சாக்பீஸை எடுத்து, எதையும் பார்க்காமல், பதினான்கு வரிகளையும் கரும்பலகையில் எழுதினாள். வந்தவர்கள் நின்று வாசித்தார்கள். நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடியதைப் பார்க்காமல் பெயரை எழுத முடியாது என்று சொல்லி அடுத்த பள்ளிக்குக் கிளம்பினார்கள். பலகையில் இருந்ததை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். வாயைத்தான் திறக்கவில்லை.

அவர்கள் போனபின் அவள் பெட்டியருகே குனிந்தாள். வள்ளக்காரர் மகள் அல்லவா, வாடை அவளுக்குத் தெரியும். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"எஞ்சின்னு நெனச்சியாலே?"

பிடித்த கையை விட்டுவிட்டு அவளே சொன்னாள்:

"சார்ட்ட சொல்லிராத. ஒன்னையும் பள்ளிக்கொடத்த விட்டு நிப்பாட்டிருவாவ."

இன்று நான் சனிக்கிழமைதோறும் கரையோரப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தருகிறேன். அந்த அறையில் இப்போது அரிசி மூட்டைகள். எட்டுப் பெட்டிகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் பழைய நோட்டை எடுத்து, அவள் வரிகளை ஓர் எழுத்தும் மாற்றாமல் என் மடிக்கணினியில் அடித்தேன். கூண்டைக் கேட்டது, காற்றைக் கேட்டது, ஆட்களைக் கேட்டது. முதல் தடவையிலேயே ஓடியது.

எறால் கம்பெனி வேன் காலையில் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் போய் நின்றேன். உள்ளே சன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரின்சி மூன்று நாளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் நிரல் ஓடியிருக்கும் பிரின்சி என்று சொல்லத்தான் போனேன். வேன் கிளம்பும்முன் சொல்ல நேரம் இருந்தது; நான்தான் மூன்று நாளும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.