உப்புப் பார்க்காதவர்

மூன்று விரலால் உப்பை அள்ளிப் பானைக்கு மேலே நிறுத்திக்கொண்டு, உதடுகளை இறுக மூடி, மூக்கால் மட்டும் ஆவியை இழுக்கிறார். கண் பாதி சொருகுகிறது. கொதிக்கிற சத்தத்துக்கு ஒரு பக்கக் காதைக் கொடுக்கிறார். பிறகு விரல்கள் சற்றே விலகுகின்றன. வேண்டியது பானைக்குப் போகிறது, மிச்சம் ஜாடிக்கே திரும்புகிறது. அந்த அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் திருநாள் காலை ஐந்தரை மணிக்கு, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நடக்கிற காரியம் இது. சமைக்கிறவர் ருசி பார்ப்பதில்லை. பார்த்ததே இல்லை.

தொழில், டைல்ஸ் பதிப்பது. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘மட்டம்’. சட்டைப் பையில் எந்நேரமும் விரல் நீளத்துக்கு ஒரு ரசமட்டம் கிடப்பதால் வந்த பெயர். விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டு மேசை ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அட்டையை மடித்து மேசைக் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருடம் தரையில் மண்டியிட்டே வேலை பார்த்ததில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. உட்காரும்போது ‘யம்மா’, எழும்போது ‘யப்பா’. மாதா கோயிலில் முழந்தாளிடும்போது மட்டும் மூச்சுக்கூட வெளியே வராது.

“அங்க மட்டும் எப்படிங்க வலிக்கல?” என்று மனைவி ஒருமுறை கேட்டார்.

“அங்கயும் வலிக்கத்தான் செய்யுது. சொல்றதில்ல.”

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடிக்கு மாடி அவரை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குறும்பு தலைக்கேறினால் கணவரும் அப்படியே கூப்பிடுவார். தான் கட்டிக்கொண்டது சாதாரண ஆளை இல்லை என்று நர்ஸம்மாவுக்குக் கல்யாணமான பிறகு வந்த முதல் திருநாளிலேயே தெரிந்துபோனது.

“உப்புப் பாக்காம எப்படிங்க அடுப்ப அணைக்கிறீங்க?”

“பூசைக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்.”

“கூடிப்போயிருந்தா?”

“கூடாது.”

கூடவில்லை. இருபத்தொரு வருடமாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பத்தை, நற்கருணையை, வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம் என்பது திருச்சபையின் சட்டம். மட்டத்தின் சட்டம் அதைவிடக் கறார். முந்தின இரவு பன்னிரண்டு அடித்தால் அதற்கப்புறம் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “அன்னைக்கு நம்ம வாய்க்குள்ள மொதல்ல அவரு வரணும். குழம்பு அவரை முந்திக்கக் கூடாது.” தினமும் ஒரு தடவை பூசைக்குப் போய் ஐந்து தடவை அதைச் சொல்லிக்காட்டும் ஆட்களை நர்ஸம்மா பார்த்திருக்கிறார். இவர் தானாக யாரிடமும் சொல்வதில்லை. மணக்கிற பானைக்கு முன்னால் பசியோடு நின்று, விருந்துக்கு வரும் நாற்பது பேருக்குச் சமைக்கிற மனிதரைப் பார்க்கும்போது நர்ஸம்மாவுக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

புனிதர்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான். இராயப்பர் திருநாளுக்கு மீன். “அவரு வலை போட்டவரு, அவருக்குப் போய் கோழியா ஆக்குறது?” மாதாவின் நாட்களில் மேசையில் வைப்பது எல்லாம் வெள்ளை: பால், சோறு, தேங்காய், முட்டையின் வெள்ளைக்கரு. சூசையப்பர் நாளில் வீட்டுக்கு யார் வந்தாலும் டிபன் பாக்ஸில்தான் விருந்து. “தச்சுப் பட்டறையில தட்டு ஏது?” லாரன்ஸ் புனிதரின் நாளன்று அடுப்பில் எதையும் சுடக் கூடாது, வாட்டக் கூடாது. “அந்த மனுஷன இரும்புக் கம்பி மேல போட்டு வாட்டிக் கொன்னாங்க. இன்னைக்குப் போய் நாம கோழி வாட்டுறதா?” நர்ஸம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்து முடித்துத் திரும்பினால் அவருடைய கண் கலங்கியிருக்கும்.

இப்படிப்பட்டவர் கடவுளிடம் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருடம் காத்திருந்து ஒரு மகள் பிறந்தாள். கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளை வெளியே நின்று பார்த்துக்கொண்டே சொன்னார்: “இவ மொதமொதல்ல நற்கருணை வாங்குற புதுநன்மை அன்னைக்கு நான் பக்கத்துல நின்னு வாங்கணும். அது போதும்.” குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் இதையே சொன்னார். ஒன்பது வருடம் சொன்னார். இந்த வருடம் நற்கருணைப் பெருவிழாவில் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவளுடைய பெயரும் வந்தது.

அன்று காலை பெரிய பானையில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் பட்டாணி. மூலையில் துணி போர்த்திய கேக். நர்ஸம்மா இரவுப் பணி முடித்து நேராகச் சமையலறைக்குள் வந்தார். நின்றபடியே தூங்கிவிடுவார் போலிருந்தது. ஒத்தாசையாக எதையாவது செய்வோம் என்று கரண்டியை எடுத்தார், குழம்பைக் கோரினார், ஊதினார். இருபது வருடமாக நோயாளிகளுக்கு ஊட்டிப் பழகிய கை. அதே கை, அதே குரல்.

“ஆ காட்டுங்க.”

உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார். அந்தக் குரலுக்கு வாயைத் திறக்காத மனிதன் உண்டா? திறந்தார். விழுங்கினார்.

அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. நர்ஸம்மாவுக்குத் தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை. கணவர் கத்தியைக் கீழே வைத்தார். பானையைப் பார்த்தார்.

“உப்பு சரியா இருக்கு,” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. நர்ஸம்மா கெஞ்சினார்: “பூசைக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்குங்க. சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல.”

“சட்டம் எனக்கும் தெரியும்மா. தப்புன்னு யாரு சொன்னா?”

“எல்லாம் என்னாலதானே?”

“ஊட்டுன கையை யாராவது குத்தம் சொல்லுவாங்களா?”

சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை நறுக்க ஆரம்பித்தார். எல்லாத் துண்டும் ஒரே அளவில்தான் விழுந்தது. ஆனால் முதுகு வளைந்துபோயிருந்தது. ஒன்பது வருடம் எண்ணி எண்ணிக் காத்திருந்த நாளை ஒரு கரண்டியில் கெடுத்துவிட்டோமே என்று நர்ஸம்மாவுக்கு ஆறவே இல்லை.

வெள்ளை உடுப்பும் பூமுடியுமாக மகள் வந்து நின்றாள். நடந்தது அவள் காதிலும் விழுந்திருந்தது.

“அப்பா, தெரியாம செஞ்சா பாவம் இல்லன்னு மறைக்கல்வி வகுப்புல சிஸ்டர் சொல்லிக்குடுத்திருக்காங்க.”

“பாவம்னு நான் சொல்லலையே பாப்பா.”

“அப்ப எங்கூட வருவீங்கல்ல?”

“வராம?”

வருவது வேறு, வாங்குவது வேறு. நற்கருணை வாங்காதவர்களும் வரிசையில் போகலாம். மார்பின் மேல் கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டால் ஃபாதர் ஆசீர் மட்டும் தந்து அனுப்பிவிடுவார். அந்தப் பதிலில் எது இருக்கிறது என்று நர்ஸம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

கோயிலுக்குள் நுழையும் முன் அவர் குழாயடிக்குப் போனார். கையைக் கழுவினார். சோப்புத் துண்டைத் தேய்த்து மறுபடி கழுவினார். சிமெண்டும் டைல்ஸ் பொடியும் அரித்து வெடித்த கைகள். வெடிப்புகளுக்குள் படிந்த சாம்பல் நிறம் எந்த சோப்புக்கும் போகாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் விரல் விரலாகத் தேய்த்தார். மணி அடித்துவிட்டது.

“சுத்தமாத்தானேங்க இருக்கு? வாங்க.”

“இரு,” என்றார்.

பூசையில் அவர் பாடவில்லை. முழந்தாளிட்டபோது சத்தமும் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாய் தகப்பனோடு முன்னால் போனார்கள். இவர்கள் முறை வந்தது. நடுவில் மகள், இந்தப் பக்கம் நர்ஸம்மா, அந்தப் பக்கம் அவர். மகள் வாங்கினாள். அவள் சொன்ன ‘ஆமென்’ கடைசி பெஞ்சு வரை கேட்டது. நர்ஸம்மாவும் வாங்கிக்கொண்டார்.

அடுத்து ஃபாதர் மட்டத்தின் முன்னால் வந்து நின்றார். கண் மூடிச் செபிக்க வேண்டிய நேரத்தில் நர்ஸம்மா ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தார். மற்றவர்கள் கையை ஏந்தி வாங்கினாலும் அவர் நாவில்தான் வாங்குவார். காரை ஒட்டின கை இதைத் தொடலாமா என்று கேட்டு இத்தனை வருடமாக ஒருமுறைகூடக் கை நீட்டியதில்லை. குழம்பு முந்திக்கொண்ட வாய் இப்போது மூடியே இருந்தது. கைகள் இரண்டும் எழுந்தன. மார்பு வரை வந்தன. குறுக்கே கட்டிக்கொள்ளப் போகிறார் என்றே நர்ஸம்மா நினைத்தார்.

கைகள் மார்பைத் தொடவில்லை. இடக்கையை வலக்கையின் மேல் வைத்து, வெடித்துப்போன வெறும் கையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று ஏந்தினார்.