பாப்பா பெரிதாகவில்லை

வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஏழு வயதாகியும் வகுப்பிலேயே குட்டை நான்தான். காலைக் கூட்டத்தில் என்னைத்தான் முதல் ஆளாக நிறுத்துவார்கள். என் வளர்த்தியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் பட்டையை மட்டும் சீவ வேண்டும். அவருடைய கத்தியோ கட்டையில் இறங்கியது. இனியும் மரத்தில் காயம் போட்டால் வெட்டு வேலை கிடையாது என்று தோட்டத்துக் கங்காணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் காத்திருந்து முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நாள் கிடைத்தது. பெரியப்பாவும் அம்மாவும், விடுமுறையில் இருந்த நானும் தெஹியோவிட்டவில் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் ஒருவர் பெரியப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் முறை அவருக்கே சலித்துவிட்டது.

“பாப்பா பெருசாகவே மாட்டேங்குதே! இப்படியே இருந்தா இன்னைக்கு ஆபரேஷன் செய்ய முடியாது. ஏதாச்சும் மாத்திரை குடிக்கிறீங்களா?”

“இல்லீங்க மிஸ்ஸி” என்றார் பெரியப்பா, கண் சிமிட்டாமல்.

கண்ணுக்குள் இருக்கும் கருவட்டத்துக்கும் பாப்பா என்றுதான் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் குட்டையாக இருப்பதற்காக அவருடைய ஆபரேஷனை நிறுத்துவதா? ரோஷம் தாங்கவில்லை.

“நான் எதுக்கு மாத்திரை குடிக்கணும்? பெரியப்பாதான் குடிக்கிறாரு! ஒண்ணுக்குச் சரியா வரலைன்னு!”

வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியப்பா கூரையைப் பார்த்தார். அவர் அந்த மாத்திரை குடிப்பது பெரியம்மாவுக்கே தெரியாது. பிஸ்கட் டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தார்; பிஸ்கட் தேடிப் போன என்னிடம் மாட்டிக்கொண்டு, விஷயத்தைச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தார். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை மிஸ்ஸி அம்மாவுக்குத் தமிழில் சொன்னார்.

“அந்த மாத்திரை குடிச்சா பாப்பா லேசுல விரியாது. விரிஞ்சாலும் பாதியில சுருங்கிடும். தெரியாம கை வச்சிருந்தா பெரிய கரைச்சல். இப்ப கண்ணுக்குள்ளேயே மருந்து போட்டு, சின்ன வளையம் ஒன்னு வச்சுப் பிடிச்சுக்குவாங்க. நல்லவேளை, இந்தப் புள்ள சொல்லுச்சு!”

வளையம் வைத்தால் நான் வளர்ந்துவிடுவேன் என்று எடுத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண்கட்டை அவிழ்த்தார்கள். பெரியப்பா என்னை எதிரே நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் சத்தியத்தை மீறிய கோபத்தையெல்லாம் மறந்துவிட்டார்.

“பாப்பா, நீ எப்ப புள்ள இம்புட்டு வளந்த?”

வளையத்தின் மகிமையை எங்கள் லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். கதவு நிலையில் நின்று அளந்தும் பார்த்தேன். தலை பழைய கோட்டிலேயே இருந்தது. கோடுதான் தப்பு என்று அதை அழித்தேன். புரை மறைத்ததில் இரண்டு வருஷமாகப் பெரியப்பா என்னைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.